வயித்துக்கண்ணரின் ஆறு வட்டங்கள்

உலகத்தில் ஒளிந்திருந்து படம் பிடித்தவர்களில், ஊர் முழுக்கத் தெரிய ஒளிந்திருந்து படம் பிடித்தவர் எங்கள் கொடைக்கானல் வயித்துக்கண்ணர் ஒருத்தராகத்தான் இருக்க முடியும். அவருடைய ரகசியக் கேமராவைப் பற்றித் தெரியாதவர்கள் அன்றைக்குக் காலையில் பஸ்ஸில் வந்து இறங்கிய சுற்றுலாப் பயணிகள் மட்டும்தான். சாயங்காலத்துக்குள் அவர்களுக்கும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இறங்கும் சரிவில் அவருக்கு ஒரு கடை. கடை என்றால் ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், மேலே ஒரு தகரம். ஸ்வெட்டர், ஜெர்கின், பை எல்லாவற்றுக்கும் ஜிப் மாற்றுவதுதான் தொழில். மழையோ வெயிலோ, கறுப்பு வெயிஸ்ட்கோட் ஒன்றைப் போட்டிருப்பார். அதில் மற்றப் பொத்தான்கள் எல்லாம் கறுப்பு. தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே இருப்பது மட்டும் கண்ணாடி. அதனால்தான் அந்தப் பெயர். நிஜப் பெயர் என்ன என்று அவருடைய மிஷினுக்குக்கூடத் தெரியாது.

அந்தக் கண்ணாடிப் பொத்தானுக்குப் பின்னால், கழுத்திலிருந்து ஒரு வாரில் தொங்கும் வட்டமான தகர டப்பா. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சின்னது. அதிலிருந்து ஒரு நூல் பேன்ட் பாக்கெட்டுக்குள் போகும். பாக்கெட்டில் கையை விட்டு நூலை இழுத்தால் ஒரு படம். இழுக்கும்போது ‘டக்’ என்று பூட்டுத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது வெளியே கேட்கக் கூடாது என்று அதே நேரத்தில் பலமாக இருமுவார். அந்த இருமலைக் கேட்டதும் தெருவே நிமிரும். டீ மாஸ்டர் தலையை வாருவார். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். உண்மையிலேயே சளி பிடித்து அவர் ஒரு வாரம் இருமிய சமயத்தில் எங்கள் தெரு ஒழுக்கமாக இருந்தது மாதிரி அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது சாமான்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். டிபன் கேரியரின் அடித்தட்டு என்று நினைத்து இவர் இதை எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீரில் போட்டுப் புளி வைத்து விளக்கியபோதுதான் அது கண்ணை விழித்து அவரைப் பார்த்தது. அன்றிலிருந்து அவருக்குக் கிறுக்கு.

அந்தக் கிறுக்கை நான் முதலில் கேட்டது என் ஜெர்கின் ஜிப் அறுந்த அன்று. வேலை முடிகிறவரை வாடிக்கையாளர் எழுந்து போக முடியாது. பொருள் அவர் கையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் படம் எடுக்க ஒரு மாட்டுவண்டிச் சாமான் வேண்டுமாம். கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, கூடாரத்துக்குள் ஓடிக் கழுவ வேண்டுமாம். ஆள் அசையக் கூடாது என்று பின்கழுத்தில் இரும்புக் கவட்டை ஒன்றைக் கொடுத்து நிறுத்துவார்களாம். “அதனாலதான்டா பழைய போட்டோவுல எல்லாரும் தூக்குல போடப்போற மூஞ்சியோட நிக்கிறான்” என்றார். அப்புறம் காய்ந்த தகடு வந்திருக்கிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் படம் விழும். கேமராவும் சின்னதாகிவிட்டது. சின்னதானதும் வெள்ளைக்காரன் செய்த முதல் காரியம் அதை ஒளித்ததுதான். தொப்பிக்குள் ஒன்று, புத்தகத்துக்குள் ஒன்று, கைத்தடிப் பூணுக்குள் ஒன்று, பாக்கெட் கடிகாரத்துக்குள் ஒன்று, கழுத்து டைக்குப் பின்னால் ஒன்று. புறாவின் நெஞ்சில்கூடக் கட்டிப் பறக்க விட்டிருக்கிறார்கள். கைக்கு அடக்கமாக ஒரு கருவி வந்ததும் மனிதனுக்கு முதலில் தோன்றுவது அடுத்தவன் வீட்டு ஜன்னல்தான் போலிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் சும்மா இருப்பாரா? குரங்குக் குல்லாவில் ஒரு பெட்டியை வைத்துத் தைத்துப் பார்த்தார். யாராவது வணக்கம் சொன்னால் இவரும் தலையை ஆட்டுவார். படம் முழுக்க வானம். பிளாஸ்க்குக்குள் ஒன்றை வைத்து டீக்கடை பெஞ்சில் விட்டார். கடைக்காரர் அக்கறையாக அதில் நாலு டீ ஊற்றி மூடிக் கொடுத்துவிட்டார். புறா கிடைக்காததால் தெரு நாய் ஒன்றின் நெஞ்சில் கட்டி, நூலை அதன் காலில் முடிந்தார். நாய் மூஞ்சிக்கல் முக்கு வரை போய்த் திரும்பி வந்தது. ஆறு படங்களும் விழுந்திருந்தன. ஆறிலும் முன்னால் நின்ற இன்னொரு நாயின் வால். கடைசியில் வெயிஸ்ட்கோட்டுக்கே திரும்பினார்.

அந்த டப்பாவுக்குள் ஒரு வட்டமான தகடு போகும். அதில் சுற்றிவர ஆறு வட்டப் படங்கள். ஒவ்வொன்றும் பொட்டு டப்பா மூடி அளவு. அந்தக் கண்ணாடித் தகடு இப்போது எங்கே கிடைக்கும்? மாட்டு ஆஸ்பத்திரியில் மிஞ்சிய எக்ஸ்ரே பிலிமை வாங்கி, கம்பளிக்குள் புகுந்துகொண்டு, தட்டை வைத்து வட்டமாக வெட்டிக்கொள்வார். அந்தப் பிலிமுக்கு இரண்டு குணம். சிவப்பு எதுவாக இருந்தாலும் கறுப்பாகத்தான் விழும். வெற்றிலை போட்டவனுக்குப் பல்லே இருக்காது. இரண்டாவது, ஷட்டர் பழசு, மெதுவாகத்தான் மூடும்; அதனால் அசைகிறவன் படத்தில் வரமாட்டான், புகை மாதிரி ஒரு கோடுதான் விழும். சும்மா நிற்கிறவன் மட்டும் தெளிவாக வருவான். இந்த இரண்டு குணமும் பின்னால் என் தலையில் வந்து விடியப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு ஊருக்கு வண்டி ஏறியிருப்பேன். அது எனக்கு நன்றாக வரும்.

ஏழாம் வகுப்பில் பாதியில் கிளம்பியவன் நான். திருப்பூரில் பனியன் மடித்தேன். பாலக்காட்டில் பரோட்டா அடித்தேன். ஒரு போர்வெல் லாரியோடு மூன்று மாநிலம் சுற்றினேன். எந்த மாநிலத்திலும் தண்ணீரைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை, பல இடத்தில் அதுவும் கிடைக்கவில்லை. கொடைக்கானலுக்கு வந்த புதிதில் பஸ் ஸ்டாண்டில் படுத்தால் போலீஸ் எழுப்பும், காய்கறிச் சந்தையில் படுத்தால் காட்டுமாடு எழுப்பும். காட்டுமாடு பரவாயில்லை, பெயர் கேட்காது. அப்புறம் கவுஞ்சி என்கிற மலைக்கிராமத்தில் கேரட் கழுவுகிற இடத்தில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். அங்கே கேரட் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் புவனா.

நான் முதுகில் மூட்டையோடு போகும்போதெல்லாம் அவள், “பாத்துப் போங்க, மூட்டைக்கு அடி பட்டுறப்போவுது” என்பாள். இப்படி ஒருத்தி என்மேல் அக்கறை காட்டியது அதுதான் முதல் தடவை. நான் விழுந்துவிட்டேன். மூட்டையும் ஒரு தடவை விழுந்தது.

புவனாவின் அம்மா சிறு பிள்ளையாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பால் இல்லாத சிவந்த தேத்தண்ணியை ஒரு கண்ணாடி கிளாஸில் கொடுத்து, தனியாகக் கொஞ்சம் சீனியும் கொடுத்தார். நான் சீனியைக் கிளாஸில் கொட்டிக் கலக்கினேன். அம்மாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள்.

“கையில வச்சுக்கணும் தம்பி” என்றார் அம்மா. “ஒரு நக்கு சீனி, ஒரு மொடக்கு தேத்தண்ணி. எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாரும் அப்பிடித்தான்.”

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பயிற்சி. கவுஞ்சி பஸ் நிறுத்தத்துக் கடையில் பால் இல்லாத டீயை வாங்கி, இடது உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடித்துப் பழகினேன். நினைக்கிற மாதிரி சுலபம் இல்லை. அந்த மூடுபனியில் சீனி கையிலேயே பாகாகிவிடும். மீசையில் எறும்பு வரும். ஆனால் அடுத்த தடவை மாமியார் வீட்டில் உட்காரும்போது பிறந்ததிலிருந்து லயத்தில் வளர்ந்தவன் மாதிரி நக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம். பள்ளிக்கூடத்தில் இதில் பாதி வைராக்கியம் காட்டியிருந்தால் எட்டாம் வகுப்பைப் பார்த்திருப்பேன்.

புவனாவுக்கு அப்பா இல்லை. அக்காவைப் பழனியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் எந்த முடிவும் பழனி மாப்பிள்ளையுடையதுதான். அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் வந்து என்னைப் பார்த்தார், பேசினார், ஒரு குறையும் சொல்லவில்லை. அவருடைய சங்கடமே வேறு.

“ஆளு நல்லாத்தான் தெரியிறாப்ல. ஆனா எந்த ஊருல போயி விசாரிக்க? திருப்பூருங்காரு, பாலக்காடுங்காரு, போர் லாரிங்காரு. லாரியையா போயி விசாரிக்க முடியும்?”

நியாயமான கேள்வி. பெண் கொடுக்கிறவர்கள் பையனுடைய தெருவில் போய்க் கடைக்காரரிடம், பக்கத்து வீட்டில், கோயிலில் நாலு பேரிடம் கேட்பார்கள். என்னைப் பற்றிக் கேட்க உலகத்தில் ஒரு தெருவும் இல்லை. அப்பா அம்மா எப்போதோ போய்விட்டார்கள். அண்ணன் தம்பி கிடையாது. போனில் போட்டோ அனுப்பச் சொல்லலாம் என்றால், அதில் எல்லாப் பையனும் சிவப்பாக, ஒல்லியாக, ஊட்டியில் நிற்கிற மாதிரிதான் வருகிறான்.

மலைக்கு மேலே இப்படிப்பட்ட மாப்பிள்ளைகளுக்கென்றே ஒரு வழி இருந்தது. வயித்துக்கண்ணரிடம் சொல்வார்கள். அவர் பையனுக்குத் தெரியாமல் ஆறு படம் எடுத்துக் கொடுப்பார். “போன நீட்டுனா மூஞ்சி மாறிரும். வயித்தப் பாத்து எவனும் சிரிக்க மாட்டான்” என்பது அவருடைய கொள்கை. ஆம்பளைகளை மட்டும்தான் எடுப்பார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் மட்டும்தான் எடுப்பார். படத்தைக் கேட்டவரிடம் கொடுத்த பிறகு, எடுக்கப்பட்டவனுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுவார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பழனி மாப்பிள்ளையே இப்படி ஆறு படத்தில் தேறி வந்தவர்தான். அதனால் அவருக்கு அந்த டப்பாவின் மேல் முருகன்மேல் இருக்கிற நம்பிக்கை.

விஷயத்தை எனக்குச் சொன்னது புவனா. “ஒங்களப் படம் எடுக்க ஆளு வரப்போறாரு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லச் சொல்லிருக்காங்க, அதனால எனக்குத் தெரியாது” என்றாள். அப்புறம், “கொஞ்ச நாளைக்கு ஒழுங்கா இருங்க” என்றாள்.

நான் ஒழுங்காக இருந்த கதையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கேரட் கழுவுகிற சேற்றுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கண்ணில் பட்ட கிழவியின் சுமையை எல்லாம் பிடுங்கிச் சுமந்தேன்; ஒரு பாட்டி திருடன் என்று கத்தினார். கோயில் வாசலில் கொஞ்ச நேரம், சர்ச் வாசலில் கொஞ்ச நேரம், பள்ளிவாசல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். யாராவது வெயிஸ்ட்கோட் போட்டு வந்தால் நெஞ்சை நிமிர்த்தி அவருடைய பொத்தானைப் பார்த்துப் புன்னகைத்தேன். பெங்களூரிலிருந்து வந்த ஒருத்தரின் வயிற்றைப் பார்த்து வெகுநேரம் சிரித்துக்கொண்டு நின்றேன். அவருடைய மனைவி என்னிடம் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு அவரை அவசரமாக இழுத்துக்கொண்டு போனார்.

வயித்துக்கண்ணர் வரவே இல்லை. அவருடைய வெயிஸ்ட்கோட்டும் இல்லை, இருமலும் இல்லை. நாலு நாள் வெள்ளைச் சட்டையைத் துவைத்ததில் எனக்கு அலுத்துவிட்டது. பழையபடி ஆகிவிட்டேன்.

அவர் அப்போதெல்லாம் என் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். ஒரு பழுப்பு ஸ்வெட்டரில் பொத்தான் ஓட்டை போட்டு, தலையில் சாக்கைக் கொங்காணி மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டு, மூட்டை தூக்குகிறவர்களோடு நின்றிருக்கிறார். கவுஞ்சிக் குளிரில் எல்லோரும்தான் இருமுகிறார்கள். நான் எந்த இருமலுக்கு என்று நிமிர்வது?

சில நாள் கழித்துப் பழனியிலிருந்து போன் வந்தது. இந்தப் பையன் வேண்டாம், அவ்வளவுதான். ஏன் என்று மாமியார் கேட்டதற்கு, பொம்பளையாளுகளிடம் சொல்கிற மாதிரி இல்லை என்று வைத்துவிட்டார். அந்த வார்த்தை மட்டும் போதும்; மற்றதையெல்லாம் கேட்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். அம்மா ஒரு நாள் முழுக்க அழுதிருக்கிறார். புவனா கேரட் தொட்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.

“என்ன செஞ்சு தொலைச்சீங்க?”

“ஒண்ணும் செய்யலயே.”

“ஒண்ணும் செய்யாததுக்கா எங்க அத்தான் இப்பிடிச் சொல்றாரு?” கையிலிருந்த கேரட்டைத் தொட்டியில் எறிந்தாள். “எங்கம்மா அவரு பேச்ச மீற மாட்டாங்க. நானும் எங்கம்மா பேச்ச மீற மாட்டேன். தெரிஞ்சுக்கங்க.”

நான் துணிப்பையை எடுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிக் கொடைக்கானலுக்குப் போனேன். வயித்துக்கண்ணர் மிஷினிலிருந்து தலையை எடுக்காமல் ஒரு காகித உறையை நீட்டினார். கூடவே பூதக்கண்ணாடி. ஆறு வட்டங்கள். எல்லாமே வயிற்று உயரத்திலிருந்து எடுத்தவை என்பதால் எனக்கு மூக்குத் துவாரம்தான் பெரிய அங்கமாக இருந்தது.

ஒன்றில் ஜீப் டாப்பில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றில் பல் குத்திக்கொண்டிருந்தேன். ஒன்றில் ஒரு மரத்திடம் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். பழனி மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தது அது. ஒன்றில் காட்டுமாடு ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். ஐந்தாவதில் நானே இல்லை, சாய்வாக ஒரு புகை. அதுதான் நான் மூட்டை தூக்கிக்கொண்டு போனது. காலையிலிருந்து சாயங்காலம் வரை முதுகு ஒடிய வேலை செய்தவனுக்கு அந்த டப்பா கொடுத்த நற்சான்றிதழ் ஒரு புகை.

ஆறாவதில் வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வலது கையில் ஒரு கண்ணாடி கிளாஸ். அதில் கன்னங்கரேலென்று ஒரு திரவம். இடது உள்ளங்கை முகத்துக்கு நேரே. அதில் என்னமோ இருக்கிறது. என் நாக்கு முழு நீளத்துக்கு வெளியே வந்து அதை நக்குகிறது. கண்கள் சொக்கிப்போய்ப் பாதி மூடியிருந்தன.

எந்த டாஸ்மாக் வாசலிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கிளாஸில் பிராந்தி, கையில் ஊறுகாய். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

“அண்ணே, இது தேத்தண்ணி.”

“தெரியும். அஞ்சடி தூரத்துலதான நின்னேன்.”

“கையில இருக்கது சீனி.”

“தெரியும்.”

“அப்ப அவருகிட்டச் சொல்லுங்க.”

“நான் படம் எடுக்கிறவன். சாட்சி சொல்றவன் இல்ல” என்றார். ஒருத்தனுக்கு நல்லவன் என்று வாயால் சொல்லிவிட்டால், நாளைக்கு மலையில் இருக்கிற அத்தனை மாப்பிள்ளையும் பேரிக்காய் மூட்டையோடு கடை வாசலில் வந்து நிற்பான். அப்புறம் படத்துக்கு என்ன மரியாதை என்று கேட்டார். கெஞ்சிப் பார்த்தேன். கோபப்பட்டுப் பார்த்தேன். அவர் ஜிப்பின் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

நானே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். குடிகாரன் என்று நினைக்கப்படுகிறவன், அது டீ என்று சொன்னால் எப்படி இருக்கும்? எல்லாக் குடிகாரனும் அதைத்தான் சொல்கிறான். பழனி மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் எப்போதும் ஏலக்காய் போட்ட பால்தான். மாப்பிள்ளைக்கு முன்னால் யாரும் வெறும் தேத்தண்ணி குடித்ததில்லை, சீனி நக்கியதும் இல்லை. அப்படி ஒரு பழக்கம் உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. படத்தைப் புவனா வீட்டில் காட்டினாலும், அவர் பேச்சை மீறி அவர்கள் ஒன்றும் செய்யப்போவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஊர் மாறுவது. பையைத் தோளில் மாட்டினேன். “வெள்ளனே வத்தலகுண்டு பஸ்ஸுக்குக் கெளம்புறேன்ணே” என்றேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை அல்ல, என் பையை.

“ஜிப்பு கிழிஞ்சு கெடக்கு. இத வச்சுக்கிட்டா போவ? கொண்டா.”

வாங்கி, நல்லாயிருந்த பாதி ஜிப்பையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டார். துணிமணியெல்லாம் வெளியே தொங்கியது. “ரெண்டு நாளாகும். அது வரைக்கும் கடையப் பாத்துக்க. எனக்கு ஒரு சோலி இருக்கு” என்று ஸ்டூலைக் காட்டினார். அறுந்த ஜெர்கினோடு வந்தவர்களுக்கெல்லாம் நான் அங்கே உட்கார்ந்து ஆறுதல் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருடைய சோலி என்ன என்பதைப் புவனா பிற்பாடு சொன்னாள். காலை பஸ்ஸில் கவுஞ்சிக்குப் போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். வெயிஸ்ட்கோட் போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பொத்தானைப் பளபளவென்று துடைத்து வைத்துக்கொண்டு.

“தாயி, உங்கள ஒரு படம் எடுத்துக்கலாங்களா?”

வாழ்நாளில் அவர் ஒருத்தரிடம் கேட்டுப் படம் எடுத்தது அதுதான் முதல் தடவை. நெற்றியில் வேர்த்திருந்தது என்றாள் புவனா. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் படம் என்றதும் உள்ளே போய்ப் பட்டுப் புடவை கட்டி, தலை வாரி, வாசலில் நாற்காலி போட்டு, பின்கழுத்தில் இரும்புக் கவட்டை கொடுத்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்துவிட்டார். “அப்பிடி இல்ல தாயி, தேத்தண்ணி குடிக்கிற மாதிரி வேணும்” என்று இவர் சொல்ல, அம்மா கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமல் விறைப்பாக உட்கார்ந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. இன்னொன்று போட்டார்கள். அதுவும் ஆறியது.

“சீனி எங்கங்க தாயி?”

“சீனி நக்குறதையா எடுக்கப்போறீங்க? அய்யோ, மானம் போயிருமே” என்று அம்மாவுக்குச் சிரிப்பு.

மேகம் வந்து மூடியது. வெயில் வரட்டும், நீங்கள் பாட்டுக்குக் குடியுங்கள் என்று இவர் காத்திருந்தார். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா தன்னுடைய லயத்தைப் பற்றி, கப்பலைப் பற்றி, கப்பலில் வாந்தியெடுத்த ஒரு ஆட்டைப் பற்றிச் சொன்னார். சொல்லிக்கொண்டே மறந்துபோய் உள்ளங்கைச் சீனியை நக்கினார். வெயில் வந்தது. வயித்துக்கண்ணர் இருமினார்.

மறுநாள் அவர் பழனியில் இருந்தார். நடந்ததைப் பழனி மாப்பிள்ளையே என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். கடை மேஜையில் விபூதிப் பொட்டலங்களைத் தள்ளி வைத்துவிட்டு வயித்துக்கண்ணர் இரண்டு வட்டப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். பூதக்கண்ணாடியையும் வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. இடது பக்கம் நான். வலது பக்கம் பட்டுப் புடவையில் ஒரு அம்மா. அதே கறுப்புத் திரவம், அதே உள்ளங்கை, அதே நாக்கு, அதே சொக்கிய கண்.

பழனி மாப்பிள்ளை ரொம்ப நேரம் பார்த்தார். “இது எங்க அத்தையில்ல?” என்றார். வயித்துக்கண்ணர் பூதக்கண்ணாடியை அவர் பக்கம் தள்ளினார். முகம் வெளுத்துப்போய்க் கவுஞ்சிக்குப் போன் போட்டார்.

“அத்தே, மறைக்காமச் சொல்லுங்க. கையில வச்சு என்னத்த நக்குறீங்க?”

“சீனி மாப்பிள்ள.”

“கிளாசுல?”

“தேத்தண்ணி.”

“எத்தன நாளா?”

“எனக்குப் பல்லு மொளைச்சதுலேருந்து. ஏன், ஒங்களுக்கும் வேணுமா? நீங்க பாலு குடிக்கிறவருன்னுல்ல இத்தன நாளா ஒளிஞ்சு குடிச்சோம்.”

போனை வைத்துவிட்டு அவர் மறுபடியும் இரண்டு படத்தையும் பார்த்தார். ஒன்று, மாமியார் மகா குடிகாரி. இல்லையென்றால், நான் குடிகாரன் இல்லை. முதலாவதை ஒப்புக்கொண்டு அவரால் தன் வீட்டுக்குள் போக முடியாது. ஆனாலும் கடைசியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “சரிங்க, அது கெடக்கட்டும். மத்த அஞ்சு படத்துல ஒண்ணுலகூட வேல செய்யிற மாதிரி இல்லையே? என் படத்துல நான் கடையில எவ்வளவு தெளிவா நின்னேன்?”

அதற்கு மட்டும் வயித்துக்கண்ணர் வாயைத் திறந்தார். “அன்னைக்கு நீங்க நின்னுக்கிட்டே தூங்கிக்கிட்டு இருந்தீங்க.”

பழனி மாப்பிள்ளை அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

அவர் திரும்பி வந்து என் பைக்குப் புது ஜிப் வைத்துத் தைத்தார். தைத்து முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நான் அவர் காலில் விழப் போனேன். “வெரசாப் போ, கடையில வேல கெடக்கு” என்றார். அவருடைய கொள்கையை எனக்காக ஏன் உடைத்தார் என்று கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “ஆறு படத்தையும் பாத்தேன். ஒண்ணுலகூட ஒனக்குப் பக்கத்துல ஆளு இல்லடா. பாக்க நல்லா இல்ல” என்றார்.

கல்யாணம் கவுஞ்சி அம்மன் கோயிலில். தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. பெண் வீட்டுப் பக்கம் பாய் நிறைய ஆள். என் பக்கத்துப் பாயில் நானும் என்னோடு மூட்டை தூக்குகிற இரண்டு பேரும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் யாரு, முன்னால வாங்க என்று கூப்பிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது பின்னால் பந்தல் காலோரம் நின்றிருந்த ஒருத்தர் வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. டப்பா இல்லாமல் வயிறு தட்டையாக இருந்ததால் எனக்கே அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

பெண் வீட்டில் ஒரு பெரியவர் கேட்டார்: “நீங்க மாப்பிள்ளைக்கு என்ன முறைங்க?”

“பெரியப்பா” என்று சொல்லிவிட்டுத் தட்டுக்குக் கையை நீட்டினார்.

அவர் வாயால் நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அதைத் திருத்த எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை மனசு வரவில்லை.